கேட்கும் துளை கொடுக்கும் மின்சாரம்

ஆம்பூர் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஷூ கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். அவர் வீட்டு பீரோவில் நானாவின் (அம்மாவழித் தாத்தாவின்) கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் நடந்த முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்குகளில் பதிந்தவை; நடுவே ஒரு தமிழ்க் கவியரங்கமும் உண்டு. 200 ரூபாய்க்கு யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்கி, டேப்ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து அதற்கு ஒயர் கொடுத்திருக்கிறார். பதிவானது கவிதையல்ல, கரகரப்பு. "மலிவுச் சாமான் என்பதாலா?" என்று கேட்கிறார்.

அடாப்டர் பாவம், அதன்மேல் தப்பில்லை.

கட்டைவிரல் அளவுள்ள இந்தப் பொருளுக்குள் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு சிப். தைவானின் சி-மீடியா நிறுவனத்தின் சிஎம்108 அந்த வகையில் பேர்போனது. ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றில் உட்காரவைக்கும். பழைய கேசட்டில் இருக்கும் குரலுக்கு இதுவே தாராளம். யுஎஸ்பி ஒலிக் கருவிகளுக்கான பொது விதிமுறை 1998இலேயே வந்துவிட்டதால் தனி டிரைவரும் வேண்டாம். செருகினால் வேலை செய்யும்.

வேடிக்கை அடாப்டரின் இளஞ்சிவப்புத் துளையில் இருக்கிறது. பேர் 'மைக்'. ஒலியை வாங்கிக்கொள்ளும் துளை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் சில வோல்ட் மின்சாரம் வெளியே வந்துகொண்டிருக்கும்! காரணம், 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக். மின்னேற்றத்தை விடாமல் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் அதன் உயிர். படலம் அதிர்ந்து எழுப்பும் சமிக்ஞை மிகவும் சன்னமானது. அதைக் கைதூக்கிவிட மைக்கின் வயிற்றுக்குள் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சோறு போடுவது இந்தத் துளைதான். கேட்க வந்தவனே பேசுகிறவனுக்குச் சாப்பாடும் போடுகிற ஏற்பாடு.

ஆக, இந்தத் துளை சில மில்லிவோல்ட் முனகலை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. டேப்ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையோ அதைப்போல நூறு மடங்கு உரக்கக் கத்தக்கூடியது. அலையின் உச்சிகள் படிகளுக்கு மேலே போய், மழுங்க வெட்டுப்படுகின்றன. தோல் சீவும் ஷேவிங் மெஷினில் 1.2 மில்லிமீட்டர் கனம் வேண்டிய தோலை 0.8க்குச் சீவிவிட்டால் என்ன ஆகும் என்று ஆம்பூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த சாஃப்ட்வேரும் அந்த உச்சியை அப்படியே திருப்பி ஒட்டித் தராது.

டேப்ரெக்கார்டரின் வால்யூமை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். பாதிக் கரகரப்பு அங்கேயே போய்விடும். இன்னும் சுத்தமாக வேண்டுமானால் 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர்கள் போதும், சமிக்ஞை பதினொன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும். துளையிலிருந்து வரும் மின்சாரம் பின்னோக்கிப் போகாமல் தடுக்க நடுவில் ஒரு கப்பாசிட்டர். ரேடியோ ரிப்பேர்க்காரர் பத்து நிமிடத்தில் பற்றவைத்துக் கொடுப்பார்.

அடுத்தது, கம்ப்யூட்டரின் மைக் அமைப்பில் 'ஏஜிசி' என்றொரு கட்டம் இருந்தால் அதிலுள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். சத்தம் குறைந்தால் தானே ஏற்றி, கூடினால் தானே இறக்கும் வசதி அது. போனில் பேச நல்லது, முஷாயிராவுக்கு எமன். ஷாயர், அதாவது கவிஞர், முதல் அடியைச் சொல்லி நிறுத்துகிற அந்த மௌனத்தில், மின்விசிறியையும் பின்வரிசை இருமலையும் மேலே தூக்கிக் காட்டும். 'வாஹ் வாஹ்' எழுந்ததும் திடுக்கிட்டு எல்லாவற்றையும் அமுக்கும். உம்மென்று இரைச்சல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் அடங்கும்.

மைக் துளை ஒற்றைத் தடம்தான் பதியும். பேச்சுக்கும் கவிதைக்கும் அது போதும். பாட்டுக் கேசட் என்றால் சிவப்பு-வெள்ளை 'லைன் இன்' துளைகள் உள்ள கருவியை வாங்குவது நல்லது.

இத்தனை மெனக்கெடல் எதற்கு? வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த கவிக்கோ அப்துல் ரகுமான் 2017இல் மறைந்தார். அவருடைய கவிதைகள் அச்சில் கிடைக்கின்றன. அரங்கில் அவர் எங்கே நிறுத்தினார், எந்தச் சொல்லை இரண்டாம் முறை சொன்னார் என்பதெல்லாம் அச்சில் ஏறாது. இப்படிப்பட்ட குரல்களைப் பூஞ்சை பிடிக்க விட்டுவிட்டு, மலர்க் கொத்துப் படத்தோடு காலை வணக்கம் அனுப்ப ஜிபி ஜிபியாகச் செலவழிக்கிறோம். ஒரு மணி நேரக் கேசட்டைச் சுருக்காமல் வேவ் கோப்பாக வைக்க சுமார் 345 எம்பிதான் ஆகிறது. 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் 90 மணி நேரம் அடங்கும்.

ஆம்பூர் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கேசட்டை உள்ளே போடுமுன் அதன் முதுகு விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் ஒடித்துவிடுங்கள். பதியப்போவது கம்ப்யூட்டர்தான் என்றாலும், பழக்கதோஷத்தில் விரல் டேப்ரெக்கார்டரின் சிவப்புப் பொத்தானுக்குத்தான் போகும்.