உங்களுக்குத் தெரியுமா? டிவி பார்க்க லைசென்ஸ்!

நம் ஊரில் ஒரு காலத்தில் ரேடியோ, டிவி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி, அதற்கான புத்தகத்தில் முத்திரை வாங்கவேண்டியிருந்தது. அவிநாசியில் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தச் சின்னப் புத்தகம் பலருக்கு நினைவிருக்கும். 1985-இல் மத்திய அரசு இந்தக் கட்டணத்தை அடியோடு நீக்கியது. வயதானவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்தான்.

பிரிட்டனில் இன்றும் டிவிக்கு லைசென்ஸ் உண்டு. 75 வயது நிரம்பியவர்களுக்கு 2000 முதல் அது இலவசமாக இருந்தது. 2020 ஆகஸ்டிலிருந்து, அந்த வயதினரில் 'பென்ஷன் கிரெடிட்' என்ற உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு மட்டுமே இலவசம்.

நம்மூர் முதியோருக்கான உதவிகள் வேறு வகை. ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகையைத் தமிழக அரசு 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தியது. 70 வயது நிரம்பியவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரும் ஆயுஷ்மான் திட்ட விரிவாக்கம் 2024 அக்டோபரில் வந்தது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. ரயில் கட்டணச் சலுகையோ 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதைத் திரும்பத் தருவதே நியாயம்.

உங்கள் வீட்டு அப்புச்சி, அம்மிச்சிக்கு எந்த உதவி கிடைக்கும் என்று தெரியவில்லையா? 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.