மூடாத வயிறு, மூடி மறைக்கும் வீடு

பிறந்த குழந்தையின் தொப்புளுக்குக் கீழே சிவப்பாக, சதைத் துண்டுபோல ஏதோ தெரிகிறது. அதிலிருந்து சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கிறது. பிரசவம் பார்த்தவர்களே திகைத்துப்போகும் காட்சி. அது கட்டியல்ல, குழந்தையின் சிறுநீர்ப்பை. கருவில் அடிவயிற்றுச் சுவர் சரியாக மூடாததால், பையாக இருக்க வேண்டிய உறுப்பு பிளந்து வெளியே விரிந்துகிடக்கிறது. இடுப்பின் முன்பக்க எலும்புகளும் சேராமல் விலகி நிற்கின்றன.

இதன் பெயர் பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி. 30,000 முதல் 50,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் குழந்தைகளிடம் அதிகம். தாய் கிரகணத்தைப் பார்த்தாளா என்ற விசாரணைக்கு இதில் வேலையில்லை. ஆனால் பழி அவள் மீதுதான் விழுகிறது. வாடைக்கும் வம்புக்கும் பயந்து குழந்தையை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. சிகிச்சையின்றி விட்டால் பிற்காலத்தில் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரும் ஆபத்தும் அதிகம்.

அகமதாபாத் சிவில் மருத்துவமனை இந்தக் குழந்தைகளுக்காக 2009இல் அமெரிக்க நிபுணர்களுடன் கைகோத்தது. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் டாக்டர் அசீம் சுக்லா போன்றவர்கள் இங்கே வந்து, டாக்டர் ராகேஷ் ஜோஷி, டாக்டர் ஜெய்ஸ்ரீ ராம்ஜி ஆகியோரின் குழுவுடன் சேர்ந்து ஆபரேஷன் செய்தார்கள். அரிய நோய் என்பதால் பணக்கார நாட்டு மருத்துவமனைகளிலும் கேஸ்கள் குறைவு. எனவே கற்றுக்கொடுக்க வந்தவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

ஆபரேஷன் பல மணி நேரம் நீளும். சிறுநீர்ப்பையை மூடி உள்ளே வைக்க வேண்டும். தையல் இழுபடாமலிருக்க, தேவைப்பட்டால் இடுப்பெலும்பை வெட்டி நெருக்க வேண்டும். பிறகு சில வாரங்கள் குழந்தையின் கால்கள் அசையாதபடி கட்டிவைக்கப்படும். முதல் ஆபரேஷன்தான் முக்கியம். அது பிரிந்துவிட்டால் சிறுநீரை அடக்கும் திறன் வரும் வாய்ப்பு குறைகிறது. இந்தியாவில் பலர் தாமதமாகவோ, வேறெங்கோ செய்த ஆபரேஷன் தோற்ற பிறகோதான் வந்து சேர்கிறார்கள்.

வயிறு மூடியதும் கதை முடிவதில்லை. சிலருக்குக் குடலின் ஒரு பகுதியைச் சேர்த்துச் சிறுநீர்ப்பையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பிரெஞ்சு சர்ஜன் பால் மித்ரொஃபனோஃப் 1980இல் வெளியிட்ட முறைப்படி, குடல்வாலைக் கொண்டு வயிற்றில் ஒரு வழி அமைப்பதும் உண்டு. அதன் வழியே சில மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், ஆயுள் முழுவதும்.

வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் இதே கணக்குதான். அதற்குத் தேவை சுத்தமான தண்ணீரும் தாழ்ப்பாள் உள்ள கழிவறையும். அவற்றைக் கொடுக்க எந்த சர்ஜனும் தேவையில்லை.