கூண்டு வண்டியில் ஒரு புதுப்பெண்

அமெரிக்க மேற்குத் திசைப் பயணம் என்றதும் துப்பாக்கி, எருமைக் கூட்டம், அம்பு மழை என்றே நமக்குச் சினிமா பழக்கிவிட்டது. சூசன் ஷெல்பி மகோஃபினின் நாட்குறிப்பைப் படித்தால் அந்தப் பாதையில் பெண்ணுக்குக் காத்திருந்த ஆபத்து வேறு என்று தெரியும். அதன் பெயர் பிள்ளைப்பேறு.

1846 ஜூன் மாதம், மிசௌரியின் இண்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து சான்டா ஃபேவுக்குக் கிளம்பிய வணிக வண்டிகளோடு சூசனும் புறப்பட்டார். வயது 18. கல்யாணமாகி ஏழு மாதம்கூட ஆகவில்லை. கணவர் சாமுவேல் அந்தத் தடத்தில் பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரி. மனைவியைவிட ஏறத்தாழ 27 வயது மூத்தவர். சூசனின் தாத்தா ஐசக் ஷெல்பி, கென்டக்கி மாநிலத்தின் முதல் ஆளுநர். காடு திருத்திக் குடியேறிய பரம்பரை.

புதுப்பெண்ணுக்குத் தனி வண்டி, கூடாரம், அதற்குள் கட்டில், தரைக்கு விரிப்பு, கூடவே ஒரு பணிப்பெண், ரிங் என்றொரு நாய். இவ்வளவு சொகுசாகப் போனவரை முன்னோடிப் பெண் என்பதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். அந்தச் சொகுசு எதிலிருந்து அவரைக் காப்பாற்றியது?

ஜூலை 4 அன்று ஆஷ் ஓடைக் கரையில் வண்டி குடைசாய்ந்தது. சூசன் மயங்கிப்போனார். சாமுவேல் அவரை மர நிழலில் கிடத்தி, முகத்தில் விஸ்கி தேய்த்துத் தெளியவைத்தார். வயிற்றில் கரு இருந்தது.

மாதக் கடைசியில் ஆர்க்கன்சாஸ் ஆற்றங்கரையில், இன்றைய கொலராடோவில் இருக்கும் பென்ட் கோட்டையில் தங்கல். பச்சைச் செங்கல் சுவர், மண் தரை. புழுதி அடங்க அடிக்கடி தண்ணீர் தெளித்தாக வேண்டும். மெக்சிகோ போருக்குப் போகும் படையினரும் வணிகர்களும் அங்கே மொய்த்துக் கிடந்தார்கள். ஜூலை 30 சூசனின் 19-வது பிறந்தநாள். குதிரைக்கு லாடம் அடிக்கும் சத்தம், பிள்ளைகளின் அழுகை, வேலையாட்களின் சண்டை எல்லாம் தலையைப் பிளக்கின்றன என்று எழுதுகிறார். உடம்பு முழுக்க வலி. அன்றிரவைத் தாண்டியதும் கரு கலைந்தது. கீழறையில் அதே வேளையில் ஒரு பூர்வகுடிப் பெண் சுகமாகப் பிள்ளை பெற்று, அரைமணி நேரத்தில் ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தாளாம். நம் நாகரிக வழக்கங்கள்தான் நம்மைப் பலவீனமாக்குகின்றனவோ என்று படுக்கையில் கிடந்தபடி சூசன் யோசிக்கிறார். அவளுடைய பிரசவமும் அப்படியொன்றும் லேசாக இருந்திருக்காது என்பது இதை எழுதுபவரின் சந்தேகம்.

ஆகஸ்ட் இறுதியில் சான்டா ஃபே. பிறகு எல் பாசோ, சிவாவா, சால்டியோ என்று போர் நடக்கும் நாட்டுக்குள்ளேயே பயணம். 1847-ல் மறுபடி கர்ப்பம். நெஞ்செரிச்சல், தலைவலி, தசைப்பிடிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கல்யாணம் ஊர் சொல்லும் அளவுக்கு ஒன்றும் பெரிதில்லை என்று அலுத்துக்கொள்கிறார்.

அந்தச் செப்டம்பரோடு நாட்குறிப்பு நின்றுவிடுகிறது. மாட்டமோரஸில் மஞ்சள் காய்ச்சல் கண்டதும், அங்கே பிறந்த மகன் உடனே இறந்ததும் அதில் இல்லை. பிறகு மிசௌரியின் கிர்க்வுட்டில் வீடு, 1851-ல் ஒரு மகள். 1855-ல் இரண்டாவது மகள் பிறந்த கொஞ்ச நாளில், அக்டோபரில், 28 வயதில் சூசன் இறந்தார். ஒன்பது ஆண்டுகளில் நான்கு கர்ப்பம்.

நாட்குறிப்பு 1926-ல் யேல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. பதிப்பித்தவர் ஸ்டெல்லா டிரம். அடிக்குறிப்புகளில் படை அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் தாராள இடம். வெகுகாலம் இந்நூலை ஆய்வாளர்கள் புரட்டியதும் படை நடமாட்டத்துக்காகவும் சரக்கு விவரத்துக்காகவும்தான். எழுதியவரின் உடம்புக்கு என்ன ஆனது என்று பார்க்க விரும்புகிறவர்கள் 1846 ஆகஸ்ட் 6-ஆம் தேதிப் பதிவிலிருந்து தொடங்கலாம்.