காப்பாளரும் மருத்துவரும்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, பட்டாசுத் தொழிலால் புகழ்பெற்ற ஊர். வெடிமருந்து புழங்கும் இடத்தில் தீக்காயம் நேர்வதும் உண்டு. காயமுற்றவன் சிறுவனாயின், அறுவை மருத்துவத்திற்கு இசைவு தருபவர் யார்?

12 வயது நிரம்பாதவனுடைய இசைவைத் தண்டனைச் சட்டம் இசைவாகக் கொள்வதில்லை. ஆதலின் அவன் பொருட்டுப் பெற்றோரோ பிற காப்பாளரோ இசைவு தருதல் வேண்டும்.

உயிர் ஊசலாடும் வேளையில் அவர்கள் தொலைவில் இருப்பின் என் செய்வது? 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டால் விடை கூறியது. காப்பாளரைக் கேட்கக் காலமில்லாதபோது, சிறுவன் வேண்டாவென மன்றாடினும், அவன் நன்மை கருதி நல்லெண்ணத்தோடு அறுவை செய்யும் மருத்துவர் குற்றவாளியாகார். 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையிலும் இவ்விதி நிலைபெற்றுள்ளது.

காப்பாளருக்கு உரிமை தந்தது குழந்தையின் நலம் கருதியே. அந்நலத்திற்கு அவ்வுரிமையே தடையாதல் கூடாது.