குதிரைத் தண்ணீர்த் தொட்டியில் பாசி நீக்கம்

குதிரைத் தண்ணீர்த் தொட்டியில் பாசி நீக்கம் என்பது லாயத்திலும் மேய்ச்சல் இடத்திலும் குதிரைகள் குடிப்பதற்காக வைக்கப்படும் தொட்டி, டிரம், வாளி ஆகியவற்றில் படரும் பாசியை, குதிரைக்கும் கழுவுபவருக்கும் தீங்கு வராமல் அகற்றும் முறையாகும். இத்தொட்டிகளில் சாதாரணமாகக் காணப்படும் பச்சைப் பாசி பெரும்பாலும் நஞ்சற்றது. ஆனால் அது தண்ணீரின் சுவையையும் மணத்தையும் மாற்றிவிடுவதால் குதிரை குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். பாசியைப் போக்க ஊற்றிய மருந்து தொட்டியிலேயே தங்கிவிடுவது மற்றொரு கேடு. பாசியால் நேரும் துன்பத்தைவிட, அவசரத்தில் செய்யும் துப்புரவால் நேரும் துன்பம் சில வேளைகளில் பெரிதாக இருக்கும்.

குதிரைக்குத் தேவையான தண்ணீர்

ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரை, கடும் வெயிலோ வேலையோ இல்லாத நாளில் 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். மட்டக்குதிரைகளுக்கு இதைவிடக் குறைவாகப் போதும். கோடையிலும், நீண்ட சவாரிக்குப் பிறகும், குட்டிக்குப் பால் கொடுக்கும் காலத்திலும் தேவை மிகவும் உயரும். பசும்புல்லிலேயே நீர் நிறைய இருப்பதால், அதை மேயும் குதிரையைவிட உலர்புல் தின்னும் குதிரை அதிகமாகக் குடிக்க வேண்டியிருக்கும்.

குதிரை தண்ணீர் விஷயத்தில் மிகவும் தேர்ந்து குடிக்கும் விலங்கு. பழகிய தண்ணீரின் மணம் மாறினாலே முகர்ந்துவிட்டு விலகிப் போவது உண்டு. போதிய நீர் இல்லாதபோது உலர்ந்த தீவனம் பெருங்குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். இது கோலிக் எனப்படும் கடும் வயிற்றுவலியின் ஒரு வகை. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால், வயிற்றில் ஏற்படும் எந்தக் கோளாறும் அதற்கு விரைவில் ஆபத்தாகலாம். சாணம் குறைந்து உலர்ந்து விழுதல், முன்காலால் தரையைப் பறித்தல், விலாப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தல், படுத்துப் புரளுதல் ஆகியவை தெரிந்தால் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

பாசி ஏன் வளர்கிறது

பாசிக்கு வெளிச்சம், வெதுவெதுப்பு, சத்து ஆகிய மூன்றும் வேண்டும். முதல் இரண்டையும் வெயில் தருகிறது. சத்தைத் தருவது பெரும்பாலும் குதிரையேதான். அதன் வாயிலிருந்து விழும் புல்லும் தவிடும், காற்றில் வந்து சேரும் சாணத்தூளும், உதிர்ந்த இலைகளும் நீரில் ஊறி நைட்ரஜனையும் பாஸ்பரசையும் சேர்க்கின்றன.

தொட்டியின் அளவும் ஒரு காரணம். நாளொன்றுக்கு 35 லிட்டர் வீதம் குடிக்கும் இரண்டு குதிரைகளுக்கு 500 லிட்டர் தொட்டி வைத்தால், அது காலியாக ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் பாசிக்கு ஓய்வில்லாத வளர்ச்சிக் காலம். ஓரிரு நாளில் தீர்ந்துபோகும் அளவுள்ள தொட்டியில் பாசி அவ்வளவு எளிதில் நிலைகொள்ளாது.

நீலப்பச்சைப் பாசி

பெயரில் பாசி என்று இருந்தாலும் இது உண்மையில் சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். இதன் சில வகைகள் கல்லீரலையோ நரம்பு மண்டலத்தையோ தாக்கும் நஞ்சுகளை உண்டாக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியில் இப்படிப் படர்ந்த நீரைக் குடித்து ஆடு, குதிரை, நாய், பன்றி ஆகியவை இறந்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878-இல் நேச்சர் இதழில் எழுதினார். இவ்வகை நஞ்சு பற்றிய முதல் அறிவியல் பதிவாக அது கருதப்படுகிறது.

அடிக்கடி கழுவும் தொட்டியில் இது பெருகுவது அரிது. குளத்து நீரையோ தேங்கிய குட்டை நீரையோ தொட்டியில் நிரப்பும்போதுதான் கவனம் தேவை. ஒரு குச்சியை விட்டுத் தூக்கினால் நூல் நூலாக வருவது பெரும்பாலும் சாதாரணப் பச்சைப் பாசி. குச்சியில் பெயின்ட் போல ஒட்டிக்கொண்டால், அல்லது நீர்மேல் நீலப்பச்சை ஆடை மிதந்தால், ஐயப்பட வேண்டும். இந்தச் சோதனை ஐயத்தைக் காட்டுமே தவிர உறுதி தராது; உறுதியாக அறிய ஆய்வகச் சோதனை வேண்டும். அதுவரை அந்த நீரைக் குதிரைக்குக் காட்டக் கூடாது, வெறுங்கையால் தொடவும் கூடாது. அந்த நீரில் மருந்து ஊற்றினால் செல்கள் உடைந்து நஞ்சு நீரில் கலந்துவிடும். கொதிக்க வைத்தாலும் எல்லா நஞ்சும் அழியாது.

கழுவும் முறை

தொட்டியைக் கழுவத் தொடங்கும் முன் வேறு வாளியில் நல்ல தண்ணீர் வைத்துவிட வேண்டும். தொட்டி காயும் வரை குதிரையைத் தாகத்தில் நிறுத்தி வைப்பது வேலையின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

பிறகு நீரை முழுவதும் வெளியேற்ற வேண்டும். அடியில் தங்கும் சேற்றையும் தீவன மிச்சத்தையும் வழித்தெடுக்க வேண்டும். பாசிக்கு அடுத்த வாரச் சாப்பாடு அதில்தான் இருக்கிறது. சுவர், மூலை, மிதவைக் குழாயின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் பிரஷ் அல்லது தேங்காய் நார் கொண்டு தேய்க்கலாம். இரும்புக் கம்பி பிரஷ் நல்லதல்ல. அது பிளாஸ்டிக்கில் கீறல் போடும், கீறலுக்குள் பாசி மீண்டும் பிடிக்கும். உடைந்த கம்பித்துண்டு தொட்டியில் கிடந்து குதிரையின் வாய்க்குள் போகவும் கூடும். பிடிவாதமான கறைக்குச் சமையல் சோடாவை ஈரத்துணியில் எடுத்துத் தேய்த்தால் போதும்.

வாரந்தோறும் கழுவும் தொட்டிக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. வழவழப்பு மிகுதியாக இருந்தாலோ நோயுற்ற குதிரை குடித்த தொட்டியாக இருந்தாலோ மட்டும் குளோரின் பயன்படுத்தலாம். ஏறத்தாழ 30 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரை 10 லிட்டர் நீருக்கு 150 கிராம் வீதம் கரைத்துத் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிநீரைத் தொட்டியின் உட்புறம் முழுவதும் தடவ வேண்டும். தேய்த்துச் சுத்தம் செய்யாத இடத்தில் தடவுவது வீண், ஏனெனில் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். 10 முதல் 15 நிமிடம் கழித்து, மணம் போகும் வரை இரண்டு மூன்று முறை நல்ல நீரால் அலசி வெயிலில் காயவிட வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள தகரத் தொட்டியைக் குளோரின் அரிக்கும் என்பதால் அதில் விரைவாக அலசிவிடுவது நல்லது. கழுவிய நீர் குதிரை நிற்கும் இடத்தில் குட்டையாகத் தேங்கவோ மீன் வளரும் குளத்தில் சேரவோ கூடாது.

புதிதாக நிரப்பிய தண்ணீரைக் குதிரை குடிக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். மனித மூக்குக்குத் தெரியாத மணம் அதற்குத் தெரியலாம்.

கலக்கக் கூடாதவை

பிளீச்சிங் பவுடருடன் வினிகரோ கழிவறை ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். குதிரை மூத்திரத்தில் அமோனியா உண்டாவதால், மூத்திரம் ஊறிய தரையில் குளோரின் கரைசலைக் கொட்டினாலும் மூச்சை அடைக்கும் வாயு வரும். ஆகவே தொட்டியை லாயத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்து கழுவ வேண்டும்.

குடிநீரிலேயே மயில்துத்தம் போடும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. பாசி சாகும் என்பது உண்மை. ஆனால் அளவு தவறுவது எளிது. அதே தொட்டியில் செம்மறி ஆடுகளும் குடித்தால் அபாயம் மிக அதிகம். தாமிரத்தை அவற்றின் உடல் தாங்காது.

சுண்ணாம்பு பூசுதல்

சிமெண்ட் தொட்டிகளுக்கு நீற்றிய சுண்ணாம்பை உட்புறம் பூசுவது தமிழ்நாட்டில் மாட்டுத் தொட்டிகளுக்கு நெடுங்காலமாக உள்ள முறை. குதிரைத் தொட்டிக்கும் அது பொருந்தும். சுண்ணாம்பின் காரத்தன்மை பாசி ஒட்டுவதைத் தடுக்கும். வெள்ளைப் பின்னணியில் புதிய பாசி உடனே கண்ணுக்குத் தெரிவது இன்னொரு பயன். பூச்சு நன்றாகக் காய்ந்த பின் ஒருமுறை நீர் நிரப்பி, அதைக் கொட்டிவிட்டே பயன்படுத்த வேண்டும். ஈரச் சுண்ணாம்பு கண்ணையும் வாயையும் புண்ணாக்கும்.

மீண்டும் வராமல் தடுத்தல்

தொட்டியை நிழலுக்கு மாற்றுவது எல்லா மருந்தையும்விட மலிவானது. இலை உதிரும் மரத்தடியைவிடக் கூரை நிழல் மேல். வெளிச்சம் ஊடுருவும் வெளிர்நிறப் பிளாஸ்டிக்கைவிட அடர்நிறத் தொட்டி நல்லது. பாதியாக அறுத்த டிரம்மைப் பயன்படுத்துவோர், அதில் முன்பு பூச்சிமருந்தோ ஆசிட்டோ இருந்ததா என்று விசாரிக்காமல் வாங்கக் கூடாது. தீவனத் தொட்டியைத் தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி வைத்தால் நீரில் விழும் தவிடு குறையும்.

பெரிய தொட்டிகளில் மீன் விடுவோரும் உண்டு. மீன் கொசுப்புழுவைத் தின்னும், பாசியையும் ஓரளவு கொறிக்கும். ஆனால் அதன் கழிவே பாசிக்கு உரமாகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்தால், முட்டையிலிருந்து கொசுவாக மாறுவதற்குள் புழுக்கள் அழிந்துபோகும். குதிரைகளையும் தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கொசுவால் பரவுவதால், பாசி இல்லாத தொட்டிக்கும் இந்த வாராந்திரக் கழுவுதல் தேவைப்படுகிறது.