பனிப்பந்து: எறியும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

டொராண்டோவிலும் லண்டனிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரில் பலர், தங்கள் சிறுவயதில் பனியையே பார்த்திராதவர்கள். மகன் பனிப்பந்து எறிந்தான் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், அது குறும்பா குற்றமா என்று பிடிபடாமல் திணறுகிறார்கள். பந்து எவ்வளவு இறுகியிருந்தது, யார்மேல் எறிந்தான் என்ற இரண்டையும் முதலில் விசாரியுங்கள்.

எந்தப் பந்து ஆபத்து?

கடுங்குளிரில் விழும் பனி மாவாக உதிரும், பிடித்தால் நிற்காது. வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும்போது துகள்களில் லேசான ஈரம் இருக்கும். இரு கைகளாலும் மெல்ல அழுத்தினாலே திரண்டுவிடும். மேலே பட்டதும் பொலபொலவென்று உடையும். விளையாட்டுக்கு இதுதான் ஏற்றது. அதையே தண்ணீரில் நனைத்து, இரவு முழுக்க வெளியில் வைத்தால் கெட்டிப் பனிக்கட்டி. கண்ணில் பட்டால் உள்ளே ரத்தம் கசியலாம், விழித்திரை விலகலாம். சாலையோரம் ஒதுக்கிய பனியையும் தொடாதீர்கள். உப்பும் சரளையும் கலந்திருக்கும். ஜப்பானில் பனிப்பந்துச் சண்டையை 'யூகிகாஸென்' என்ற போட்டியாகவே நடத்துகிறார்கள். அங்கே முகக்கவசம் வைத்த ஹெல்மெட் இல்லாமல் யாரும் களமிறங்க முடியாது.

சட்டம் எங்கே வரும்?

விளையாட வந்தவர்களுக்குள் எறிந்துகொள்ளலாம். வழிப்போக்கர் மீதோ ஓடும் கார் மீதோ எறிந்து, காயமோ சேதமோ ஏற்பட்டால் போலீஸ் வழக்கு, நஷ்டஈடு வரை போகக்கூடும். கனடாவில் பல பள்ளிகள் வளாகத்துக்குள் பனிப்பந்து எறிவதையே தடை செய்திருக்கின்றன.

விதியை மாற்றக் கேட்கும் உரிமையும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள செவரன்ஸ் என்ற சிற்றூரில், கல்லெறியத் தடை விதித்த பழைய விதியில் பனிப்பந்தும் அடங்கியிருந்தது. 2018 டிசம்பரில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் ஊர் மன்றத்தின் முன் நின்று வாதாட, மன்றம் அந்தத் தடையை நீக்கியது.

அடிபட்டால் என்ன செய்வது?

• கண்: கசக்கவோ அழுத்தவோ கூடாது. பார்வை மங்கினாலும், வலித்தாலும், மின்னல்போல் ஒளி தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

• தலை: வாந்தி, தூக்கக் கலக்கம், விடாத தலைவலி இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

• விரல்: மரத்து வெளுத்தால் ஈரக் கையுறையைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். தேய்க்காதீர்கள்; ஹீட்டரில் காட்டாதீர்கள். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

• புகார்: காயத்தையும் சேதத்தையும் படம் எடுங்கள், பார்த்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புகார் உங்கள் பிள்ளைமேல் என்றால், அவன் தரப்பைக் கேட்ட பிறகே பள்ளிக்குப் போங்கள். எந்த விதியை மீறினான் என்பதை எழுத்தில் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.