கோல்டு ஏர் இன்டேக் போட்டா பவர் ஏறுமா? கோவைக் காற்றை வைத்து ஒரு கணக்கு

போலோ ஜிடி, ஐ20 என் லைன், அபார்த் புன்டோ மாதிரி கொஞ்சம் துடிப்பான வண்டி வாங்கினவங்களுக்கு ஆறு மாசத்தில் ஒரு ஆசை வரும். அக்கா மகனுக்கும் வந்தது. "மாமா, கோல்டு ஏர் இன்டேக் போடலாமுங்களா? பத்து பிஎச்பி ஏறும்ங்கறாங்க" என்றான். சொன்ன விலை அவனுடைய ஒரு மாச ஈஎம்ஐக்கு மேல். அவனுக்காகப் போட்ட கணக்கைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

குளிர்ந்த காற்று எதற்கு?

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேணும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கஷ்டம். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடினது. அதே இடத்தில் கூடுதல் எடைக் காற்று பிடிக்கும். இந்தத் தத்துவத்தில் ஒரு பொய்யும் இல்லை.

ஆனால் அளவைப் பாருங்க. உள்ளே போகும் காற்றை 50 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் குறைத்தால் அடர்த்தி 3 சதவீதம் கூடும். பவர் அதே அளவு கூடாது. டைனோ அளவுகளைத் திருத்தப் பயன்படும் எஸ்ஏஇ ஜே1349 சூத்திரப்படி, வெப்பநிலை மட்டும் இவ்வளவு மாறினால் 2 சதவீதத்துக்குள்தான் வித்தியாசம். 110 பிஎஸ் வண்டியில் அது 2 பிஎஸ். பத்து இல்லை.

அந்தப் பத்து டிகிரியாவது கிடைக்குமா?

பானெட்டைத் திறந்து கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியின் வாய் எங்கே போகிறது என்று பாருங்க. பெரும்பாலான வண்டிகளில் அது கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட் பக்கத்திலோ போய் வெளிக்காற்றைத்தான் எடுக்கும். அதாவது கம்பெனியே கோல்டு ஏர் இன்டேக் போட்டுத்தான் கொடுத்திருக்கிறது.

கடையில் அதே பேரில் விற்கும் பல கிட்டுகள், அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு இன்ஜின் பக்கத்திலேயே ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டுபவை. மே மாசம் லட்சுமி மில் சிக்னலில் நிற்கும்போது அது இழுப்பது இன்ஜின் சூட்டில் வெந்த காற்றைத்தான். பேர்தான் கோல்டு.

"டைனோ ஷீட்ல ஏறிக் காட்டுதே" என்பார்கள். டைனோவில் பானெட் திறந்திருக்கும், முன்னால் பெரிய ஃபேன் ஓடும். அந்த நிலைமையில் கூம்பு ஃபில்டருக்கும் குளிர்ந்த காற்று கிடைக்கும். ரோட்டில் பானெட்டைத் திறந்து வைத்து யாரும் ஓட்டுவதில்லை.

ஊட்டி சொல்லும் பாடம்

நம்ம பக்கத்திலேயே இயற்கை ஒரு பரிசோதனை வைத்திருக்கிறது. கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், ஊட்டி சுமார் 2240. அங்கே காற்று நல்லாவே குளிர்ந்திருக்கும். ஆனால் காற்றழுத்தம் கோவையில் இருப்பதில் 80 சதவீதம்தான். கோவை 35 டிகிரி, ஊட்டி 15 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டாலும், ஊட்டிக் காற்றின் அடர்த்தி 14 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத வண்டி கோத்தகிரி ரோட்டில் மேலே போகப் போகத் திணறுவது இதனால்தான். குளிர்ச்சி மட்டும் போதாது, அழுத்தமும் வேணும்.

மோட்டார் பம்பு ஊருக்குப் புரியும் கணக்கு

அடுத்து, "கம்பெனி ஃபில்டர் மூச்சை அடைக்குது" என்ற வாதம். கோவைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிணற்றில் மேலிருந்து உறிஞ்சும் பம்பு ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை இழுக்காது, ஏன்னா மொத்தக் காற்றழுத்தமே 10 மீட்டர் தண்ணீரின் எடைதான். இன்ஜினும் உறிஞ்சுகிற பம்புதான். அப்போ ஃபில்டரில் 10 செ.மீ. தண்ணீர் அளவுக்கு அழுத்தம் விழுந்தால் நஷ்டம் 1 சதவீதம். 20 செ.மீ. விழுந்தால் 2 சதவீதம். ஃபில்டரையே கழற்றி எறிந்தாலும் அதற்கு மேல் திரும்பி வராது.

இதை அளந்தே பார்க்கலாம். ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் (டர்போ வண்டியானால் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில்) ஒரு சின்ன டியூப் எடுத்து, கொத்தனார் மட்டம் பார்க்கும் குழாய் மாதிரி 'யு' வடிவத்தில் தண்ணீர் நிரப்பிய குழாயில் சேர்த்தால் போதும். டைனோவில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, இரண்டு பக்க மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்கலாம்.

இன்னொன்று, டவுனுக்குள் நாம் ஆக்சிலரேட்டரைப் பாதிகூட மிதிப்பதில்லை. அப்போது காற்றை அடைப்பது த்ராட்டில்தான், ஃபில்டர் இல்லை.

வேகத்தில் காற்று தானாகவே திணிக்கப்படுமே? 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் நம்ம கோவை நாராயண் கார்த்திகேயன். அந்தக் காரில் டிரைவர் தலைக்கு மேல் காற்று வாய் இருக்கும். 300 கிலோமீட்டர் வேகத்தில் அதில் கிடைக்கக்கூடிய கூடுதல் அழுத்தம் ஏறக்குறைய 4 சதவீதம். வேகத்தின் வர்க்கத்தில் இது குறையும். சேலம் ஹைவேயில் 100-ல் போனால் அரை சதவீதம்கூட வராது.

டர்போ வண்டியில் கதை வேற

டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நசுக்கினால், 35 டிகிரியில் போன காற்று 130 டிகிரியை ஒட்டி வெளியே வரும். அதை ஆற்றுவது இன்டர்கூலர். முன்னால் நீங்கள் குறைத்த சில டிகிரிகள் அங்கே பெரும்பாலும் கரைந்துவிடும். அதோடு, எவ்வளவு பூஸ்ட் என்பதை முடிவு செய்வது ஈசியூ. காற்று சுலபமாக வந்தால் அது வேஸ்ட்கேட்டைக் கூடத் திறந்து, குறித்த அளவிலேயே நிறுத்திவிடும். ரீமேப் செய்யாமல் இன்டேக் மட்டும் மாற்றினால் பெரிசா ஒண்ணும் கிடைக்காது.

அப்போ எல்லோரும் "வித்தியாசம் தெரியுது"ங்கறாங்களே? தெரிவது சத்தம். கம்பெனிப் பெட்டி உறிஞ்சும் சத்தத்தை அடக்கும்படி செய்தது. அது போனால் சத்தம் கூடும். காது கேட்டதைக் கால் நம்பிவிடும்.

நஷ்டக் கணக்கு

முதல் நஷ்டம் தூசி. பங்குனி, சித்திரையில் பல்லடம், காங்கேயம் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். கல் குவாரித் தூசி, செம்மண், லாரி கிளப்பும் புழுதி. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்க, ஏர் ஃபில்டர் என்றால் என்ன என்று சொல்வார்கள். தூசியில் இருக்கும் சிலிக்கா உப்புத்தாள் மாதிரி. பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் மெல்ல மெல்லத் தேய்க்கும். அதிகக் காற்று விடுவதற்காகத் துளை பெரிசாக்கிய ஃபில்டர், தூசியையும் கூட விடும் வாய்ப்பு அதிகம். ஐஎஸ்ஓ 5011 சோதனை முடிவைக் காட்டாத ஃபில்டரை நான் வாங்கமாட்டேன்.

இரண்டாவது தண்ணீர். நிஜமாகவே குளிர்ந்த காற்று எடுக்கும் சில கிட்டுகளில் ஃபில்டர் பம்பருக்குக் கீழே தொங்கும். பலத்த மழையில் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தேங்கும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை நசுக்க முடியாது. ஒரு மடக்கு சிலிண்டருக்குள் போனாலே கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அதற்கப்புறம் வாரன்டி பேச்சு எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எப்போது போடலாம்?

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அடிக்கடி ஓட்டுகிறீர்கள், ரீமேப்பும் பெரிய இன்டர்கூலரும் போட்டாச்சு, பவர் கூடினதால் கம்பெனிப் பெட்டி நிஜமாகவே தடையாக இருக்கிறது என்று தண்ணீர்க் குழாய் காட்டுகிறது என்றால் போடலாம். அப்போதும் மூடிய பெட்டி உள்ளதாக, வாய் வெளிக்காற்றைப் பார்த்ததாக, பம்பருக்கு மேலே இருப்பதாகப் பாருங்க.

இல்லையென்றால், புது கம்பெனி பேப்பர் ஃபில்டர் ஒன்று போட்டு, மிச்சக் காசை நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் வைத்துக்கொள்ளலாம். சத்தம் பிடித்திருக்கிறது, அதற்காகத்தான் என்றால் அதுவும் ஒரு நியாயம்தான். ஆனால் காசு சத்தத்துக்குப் போகிறது என்று தெரிந்தே கொடுங்க.